"கல்யாணம் ஆயிருச்சா?": வேலைவாசலில் ஒரு கேள்வி

2023 மார்ச் மாதம், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் வாசலுக்கு அக்கா தங்கை இருவர் வேலை கேட்டு வந்தார்கள். இருவருக்கும் இருபதுகளில் வயது. ஆள் எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி வந்தவர்கள். வாசலில் நின்ற காவலர் அவர்களுடைய படிப்பைக் கேட்கவில்லை, முன் அனுபவத்தைக் கேட்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். ஆகிவிட்டது என்றார்கள். அத்தோடு திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரையில் பதிவான நிகழ்ச்சி இது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் விருதுநகர் மாவட்டத்து வ. புதுப்பட்டிக்கும் இடையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஆனால் அந்த வாசலில் கேட்கப்பட்ட கேள்வி வத்திராயிருப்பு வட்டாரத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. வ. புதுப்பட்டி மலையடிவாரத்துப் பேரூராட்சி. நெல்லும் தென்னையும் உண்டு, ஆனால் படித்து முடித்த பெண்ணுக்கு ஊருக்குள் வேலை கிடையாது. ராஜபாளையத்து நூற்பாலை, சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகள், தனியார் பள்ளிகள், சிவகாசி அச்சகங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் தேட வேண்டும். கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரி வரை போய்ப் படித்தவர்கள் கோயம்புத்தூர், ஓசூர், சென்னை என்று கிளம்ப வேண்டும். எங்கே போனாலும் முதலில் ஓர் இன்டர்வியூ. அதில் வேலையைப் பற்றிய கேள்விகளுக்கு முன்பாகவோ பின்பாகவோ வேறு சில கேள்விகள் வரும். கல்யாணம் ஆயிருச்சாம்மா? மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்களா? குழந்தை எத்தனை? யார் பார்த்துக்குவா? அப்பா என்ன செய்றாரு? புதுப்பட்டியில எந்தத் தெரு?

இந்தக் கேள்விகளை நாம் உபசாரப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறோம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்பதுதானே என்று தோன்றும். பேருந்தில் கேட்பவர் பதிலைக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். இன்டர்வியூவில் கேட்பவர் கையில் சம்பளம் இருக்கிறது. பதில் சொல்ல மறுக்கும் வசதி எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடையாது. அதனால்தான் இதைத் தனியாக ஆராய வேண்டியிருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் உயர்பதவிகளுக்கான முதல் தேர்வுகளிலேயே இந்தக் கேள்வி உட்கார்ந்துவிட்டது. சி. பி. முத்தம்மா குடகில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1948இல் குடிமைப் பணித் தேர்வு எழுதி, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனவர். நேர்காணலில் தேர்வாணையத் தலைவரே தன்னை அந்தப் பணிக்கு வர வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தார் என்றும், வாய்மொழித் தேர்வில் தனக்கு மிகக் குறைந்த மதிப்பெண் விழும்படி செய்ததாகப் பின்னால் அவரே சொன்னார் என்றும் முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பக் கடமை வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண் பணி நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. 1961ஆம் ஆண்டு விதிகளில் இவையெல்லாம் எழுத்திலேயே இருந்தன. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா வழக்குப் போட்டார். 1979 செப்டம்பரில் தீர்ப்பெழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்றால் ஆண் அதிகாரிக்கும் அது பொருந்தாதா என்ற பொருள்பட வினவினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்த வினாவுக்கு ஆலை வாசல்களில் விடை வரவில்லை.

அன்னா ராஜம் ஜார்ஜின் கதை சென்னை மாகாணத்துக்கே உரியது. இந்திய ஆட்சிப் பணிக்கு வந்த முதல் பெண் அவர், 1951ஆம் ஆண்டு அணி. மூத்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் அடங்கிய நேர்காணல் குழு, பெண்களுக்கு ஏற்றது என்று சொல்லி வெளியுறவுப் பணியையும் மத்தியப் பணிகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. முத்தம்மாவை வெளியுறவுப் பணிக்கு வராதே என்றவர்கள், ஜார்ஜை அங்கேதான் போ என்றார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் பெண் கேட்ட நாற்காலி அவளுக்குரியது இல்லை என்பதே இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட பதில். ஜார்ஜ் வாதாடி ஆட்சிப் பணியையும் சென்னை மாகாணத்தையும் பெற்றார். திருமணம் செய்தால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. சில ஆண்டுகளில் விதி மாறியது. அவர் ஓசூரில் சார் ஆட்சியராக நிர்வாகம் நடத்தி, பின்னால் நவசேவா துறைமுகக் கட்டுமானப் பணிக்கே தலைமை தாங்கினார்.

அரசு அதிகாரிகளின் உலகத்தை விட்டு எழுத்தர் உலகத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் கடுமை. 1989இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான நீரா மாத்தூர் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கணவர் பெயரும் தொழிலும், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு அது நிற்கவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றீர்கள், கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆனதுண்டா, இப்போது கர்ப்பமா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. அவர் வேலையில் சேர்ந்தார், பிரசவத்துக்கு விடுப்பு எடுத்தார். விடுப்பில் இருக்கும்போதே, 1990 பிப்ரவரியில், பணிநீக்க ஆணை வந்தது. படிவத்தில் அவர் எழுதிய மாதவிடாய்த் தேதியும் மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. பொய் சொல்லிவிட்டார் என்பது கழகத்தின் வாதம். தில்லி உயர் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1991 அக்டோபரில் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்தே நீக்குவது நல்லது என்றும் கழகத்துக்குச் சொன்னது. தன்மானம் உள்ள ஒரு பெண் பதில் சொல்லக் கூசும் கேள்விகள் இவை என்று நீதிமன்றம் கருதியது.

இந்த வழக்கில் என்னை நிறுத்திவைப்பது ஒரு விஷயம். பதிலின் சரி தவறைப் பற்றித்தான் நிறுவனம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாதாடியது. கேள்வியின் நியாயத்தைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. உச்ச நீதிமன்றம்தான் பார்வையைப் பதிலிலிருந்து கேள்விக்குத் திருப்பியது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் பாடம் பதியவில்லை. 2022 ஜனவரியில் வெளியே தெரியவந்த பாரத ஸ்டேட் வங்கியின் வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணியை வேலையில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாத முடிவுக்குள் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கு இதேபோன்ற விதிக்காகத் தில்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

நம் பக்கத்து நூற்பாலைகளில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் இருந்தது. சுமங்கலித் திட்டம் என்று பெயர். கல்யாணமாகாத இளம்பெண்ணாக இருக்க வேண்டும். ஆலை ஹாஸ்டலிலேயே தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. தென்மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஏஜென்ட்டுகள் வந்து ஆள் திரட்டினார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை இல்லாமல் போனதையும், ஹாஸ்டலுக்கு வெளியே போக முடியாத நிலையையும் 2011இல் வெளிவந்த 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனது. வங்கிகளுக்கு வேண்டாத காரணமும் ஆலைகளுக்கு வேண்டிய காரணமும் ஒன்றே. பின்னால் குடும்பம் என்று ஒன்று இல்லாத, இரவு பகல் எந்த ஷிஃப்ட்டுக்கும் கூப்பிட்ட நேரத்தில் வரும் உடம்பு தேவைப்படுகிறது. கல்யாணம் ஆயிருச்சா என்ற கேள்வியை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான்.

முதலாளிகள் தரப்பில் சொல்லும் காரணம் செலவு. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பேறுகால விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். இத்தனை சுமையை யார் தாங்குவது என்கிறார்கள். சிறிய நிறுவனத்துக்கு இது உண்மையான கவலையாக இருக்கலாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் விஷயத்தில் இந்தக் காரணம் நிற்காது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் ஆலைத் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருகிறார். உரிய காலத்தில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் அவருடைய பேறுகால ஊதியத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, ஆலை தருவதில்லை. ஆலை கட்டுவது ஊதியத்தில் 3.25 சதவீதச் சந்தா. அதைக் கல்யாணமான பெண்ணுக்கும் ஆகாத பெண்ணுக்கும், ஏன், ஆணுக்கும் ஒரே மாதிரிதான் கட்டுகிறது. ஆள் மாற்றிப் போடும் சிரமம் மட்டும் மிச்சம். அந்தச் சிரமம் எந்தத் தொழிலாளி நீண்ட விடுப்பில் போனாலும் உண்டு.

ஃபாக்ஸ்கான் விவகாரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் திருமணமான பெண்களுக்கான தடை தளர்த்தப்பட்டது என்றும், சில ஏஜென்சிகள் கல்யாணமானதை மறைக்க விண்ணப்பதாரர்களுக்கு உதவின என்றும் அந்தப் புலனாய்வு சொல்கிறது. அவசரத்துக்கு ஆள் வேண்டும்போது தாலியும் மெட்டியும் தடையாகவில்லை என்றால், அவை எந்த நாளிலும் வேலைக்குத் தடையாக இருந்ததில்லை என்றுதானே பொருள்? செய்தி வந்தபின் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விசாரித்த அதிகாரிகள், வேலையில் இருக்கும் திருமணமான பெண்கள் சிலரைச் சந்தித்து, அவர்கள் பாகுபாடு இல்லை என்று சொன்னதைப் பதிவு செய்தார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உள்ளே எப்படி இருப்பார்கள்? இந்த விசாரணை போதாது என்று மனித உரிமை ஆணையமே மறுபடி ஆராயச் சொன்னதாக 2025 ஜனவரியில் செய்தி வெளியானது. இதற்கிடையில், வேலை விளம்பரத்தில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்கு நிறுவனம் உத்தரவிட்டதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. விளம்பரத்தில் இல்லாமல் போகலாம். வாயால் கேட்பதை எந்த விளம்பரத்தில் தேடுவது?

இனி அடுத்த கேள்விக்கு வருகிறேன். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார். இது ஆண்களையும் விடுவதில்லை.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒப்பிடப்பட்டவற்றில் தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் தில்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது மிக முக்கியம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டு பெரும்பாலும் இல்லை. தந்தையின் முதலெழுத்துத்தான். சுயமரியாதை இயக்கம் நமக்குச் சேர்த்துவைத்த பெரிய சொத்து அது. ஆகவே வடக்கே பெயரைப் பார்த்தே முடிகிற வடிகட்டல், இங்கே கேள்வி கேட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஆள் எடுக்கும் ஒருவருக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் பழக்கம். வ. புதுப்பட்டி என்று சொன்னதும் தெருவைக் கேட்கிறார். தெருவைச் சொன்னால் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்பவருக்கும் அது தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பல சமயம் கேட்கவே தேவைப்படுவதில்லை. ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கும் பயோடேட்டாவில் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, கதவு எண்ணோடு முகவரி என எல்லாவற்றுக்கும் வரிசையாக இடம் இருக்கிறது. பிள்ளைகளும் ஒன்று விடாமல் நிரப்பி, மேற்கண்டவை உண்மை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

எனவே முதல் யோசனை அந்தத் தாளைப் பற்றியது. தனியார் வேலைக்குக் கொடுக்கும் பயோடேட்டாவில் மதம், சாதி, திருமண நிலை, தந்தையின் தொழில் ஆகிய வரிகளை எடுத்துவிடலாம். முகவரிக்கு ஊரும் பின்கோடும் போதும். அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்று தர வேண்டும். அது உரிமை, அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி நேரில் வந்துவிட்டால்? கேட்பவரின் மனத்தில் ஓடும் ஐயத்துக்கு விடை சொல்வதே பெரும்பாலும் பயன்படும். கல்யாணம் எப்போது என்று கேட்டால், "நைட் ஷிஃப்ட்டுக்கு வர்றதுல எனக்குச் சிரமம் இல்ல சார், கிருஷ்ணன்கோவில்ல இருந்து பஸ் இருக்கு" என்று வேலைப் பக்கம் திருப்பலாம். குழந்தையை யார் பார்ப்பார் என்றால், "அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் சார் வந்திருக்கேன்" என்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அப்பா கூலி வேலை செய்கிறார் என்றால் அதை நிமிர்ந்து சொல்லலாம். தெருவைக் கேட்டால், "போஸ்ட் ஆபீஸ் வ. புதுப்பட்டிதான் சார், லெட்டர் வந்து சேர்ந்துடும்" என்று நிறுத்திக்கொள்ளலாம். பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால், "இது இந்த வேலைக்கு எப்படித் தேவைப்படுதுன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?" என்று பணிவாகக் கேட்பதும் தவறில்லை. எழுத்துப் படிவத்தில் மட்டும் பொய் வேண்டாம். நீரா மாத்தூருக்கு எதிராகப் பிடிக்கப்பட்ட ஆயுதமே அந்தப் படிவம்தான். வேண்டாத கட்டத்தை வெறுமையாக விடுவது பொய் ஆகாது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால்தான் வேலை என்று யாராவது சொன்னால், 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் உதவும். ஆனாலும் இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் மிஞ்சுகிறது. கேள்வி கேட்கிறவருக்குப் பயிற்சி கொடுக்காமல், பதில் சொல்லும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வேலைவாய்ப்பு வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் சாமர்த்தியத்தைச் சொல்லித்தருகின்றன. சாமர்த்தியம் இல்லாத பெண்ணுக்கும் வேலை வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது? அரசியல் சாசனத்தின் 16(2) பிரிவு மதம், சாதி, பால், பிறப்பிடம், வசிப்பிடம் முதலியவற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்கிறது, அரசு வேலையில் மட்டும். தனியாருக்கு 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் இருந்தது; அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பெண் என்பதற்காக வேலை மறுப்பதை அது தடுக்கிறது. திருமணமான பெண் என்பதற்காக மறுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு வைத்துள்ள ஆலை, கல்யாணமானவர்களை மட்டும் கழித்துவிட்டு, நாங்கள் பெண்களுக்கு எதிரியா என்று கேட்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

உலகத்தில் இதை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டால் அதற்கு உண்மை பேச வேண்டிய கடமை விண்ணப்பதாரருக்கு இல்லை. கர்ப்பத்தை மறைத்தார் என்பதற்காகப் பின்னால் வேலையைப் பறிக்க முடியாது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வேலை தருவதாக முடிவு செய்யும் முன் உடல்நலக் கேள்வி கேட்பதைத் தடுக்கிறது. நமக்கு மிக நெருக்கமானது தென் கொரியா. அங்கும் ஊர், குலம், குடும்பம் என்று விசாரிக்கும் வழக்கம் ஆழமானது. 2019இல் திருத்தப்பட்ட அவர்களுடைய நியாயமான ஆளெடுப்புச் சட்டம், தோற்றம், பிறந்த ஊர், திருமண நிலை, சொத்து, பெற்றோர் மற்றும் உடன்பிறந்தோரின் படிப்பும் தொழிலும் ஆகியவற்றை, வேலைக்குத் தேவைப்படாதபோது, விண்ணப்பத்தில் எழுதச் சொல்வதையே தடை செய்து அபராதம் விதிக்கிறது. எழுதச் சொன்னது நிரூபணமானால் போதும். அதனால்தான் வேலை மறுத்தார்கள் என்று விண்ணப்பதாரர் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியம் அல்ல. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்ற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021இல் சட்டம் திருத்திய சட்டமன்றம் இது. கடைகள் நிறுவனங்கள் சட்டத்திலும் ஆலை விதிகளிலும் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்: வேலை உறுதியாகும் முன் திருமணம், கர்ப்பம், குழந்தை, சாதி, மதம், தெரு, பெற்றோர் தொழில் ஆகியவற்றை நிறுவனமோ ஏஜென்ட்டோ வாசல் காவலரோ கேட்கக் கூடாது, கேட்டால் அபராதம். அதைச் செய்யும்படி அரசைக் கேட்கிறேன். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் வளாகத் தேர்வு நடத்தும் கல்லூரிகள், சட்டம் வரும்வரை காத்திருக்காமல், வரும் நிறுவனங்களிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இதைப் படிப்பவர்களில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இருந்தால், வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண் நாளை உங்கள் முன் வந்து உட்காரும்போது, அவள் செய்யப்போகும் வேலையைப் பற்றி மட்டும் அவளிடம் கேளுங்கள்.